மலைக்குத் தூக்கிட்டுப் போற ஸ்டவ்: மூணு வாங்கி ரெண்டுல ஏமாந்த கதை

முள்ளோடை பெட்ரோல் பங்க்ல நின்னுட்டு இருக்கேன், கையில ஒரு செவப்பு அலுமினிய பாட்டில், பின்னாடி எட்டு பத்து வண்டி, முக்காவாசி நம்ம கடலூர் வண்டிதான், பாண்டி பார்டர் தாண்டினா பெட்ரோல் வெல கம்மின்னு எங்க ஊர் ஆளுங்க அங்கதான் வந்து டேங்க ரொப்பிட்டுப் போவாங்க. பங்க் பையன் பாட்டில பாத்தான், என்னப் பாத்தான், "பாட்டில்ல புடிக்க மாட்டோம்ணா"ன்னுட்டான். தம்பி, இது ஸ்டவ்வுக்குடான்னேன். "பெட்ரோல்ல ஸ்டவ்வா?"ன்னு அவன் கேட்ட கேள்வியில பின்னாடி நின்னவரு ஹார்ன் அடிக்கிறத நிறுத்திட்டு எட்டிப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு. பாட்டில பேக்ல சொருகிட்டு வண்டிக்கு மட்டும் ஒரு லிட்டர் போட்டுட்டு வந்துட்டேன்.

நான் கடைசியா வாங்கின மூணாவது ஸ்டவ்வோட அட்டப்பொட்டி மேல பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், ஒயிட் கேஸ் (பேருதான் கேஸ், சுத்தமான பெட்ரோல் மாதிரி ஒரு எண்ணெய்), கேஸ் சிலிண்டர்னு அஞ்சு படம் வரிசையா போட்டிருந்துச்சு. அஞ்சும் எரியும், பொய்யில்ல. ஆனா அந்த அஞ்சுல எது என் கைக்கு வரும், எது நான் போற ஊர்ல கெடைக்கும், எத ரயில்ல ஏத்தலாம்னு அட்டையில போடல. ட்ரெக்கிங் போற பசங்க என்கிட்ட எந்த ஸ்டவ் வாங்கலாம்ணான்னு கேக்கும்போதெல்லாம் நான் மொதல்ல திருப்பிக் கேக்குறது எங்க போறன்னுதான், ஸ்டவ் பேச்சே அதுக்கப்புறம்தான் வரும்.

மொத ஸ்டவ் கத சின்னது. 2019 டிசம்பர்ல நாங்க மூணு பேர் கேதார்காந்தா போனோம், உத்தராகண்ட்ல சாங்ரின்னு ஒரு கிராமத்துல இருந்து ஏறணும், உச்சி சுமார் 3,800 மீட்டர். கைடு சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்கிட்டாங்க, ஆனா ராத்திரி டென்ட் வாசல்ல நம்ம கையால ஒரு டீ போட்டுக் குடிக்கணும்னு எனக்கு ஒரு ஆச. அதுக்காக மடிச்சா உள்ளங்கைக்குள்ள அடங்குற கேஸ் ஸ்டவ் ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன், ஆயிரத்துக்கும் கீழதான். கேஸ் டப்பாவ ரயில்லயும் கொண்டு போகக்கூடாது, ஃபிளைட்லயும் கூடாது, அதனால டேராடூன்ல எறங்கி தேடித் தேடி ஹேர் ஸ்பிரே டப்பா மாதிரி நீளமா இருக்கும்ல, கல்யாண வீட்ல லைவ் தோச போடுற சின்ன அடுப்புக்குள்ள படுக்க வெப்பாங்களே, அந்த டப்பாதான் கெடச்சுது. அதுல இருக்கறது வெறும் பியூட்டேன். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழ போனா ஆவியாகாது, தண்ணி மாதிரி உள்ளயே கெடக்கும். இது எனக்கு அங்க போயித்தான் தெரிஞ்சுது. ராத்திரி குமிழத் திருப்பினா புஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு, அவ்ளோதான். டப்பாவ ஜாக்கெட்டுக்குள்ள விட்டு வயித்தோட ஒட்டி வெச்சு அரை மணி நேரம் சூடேத்தி ஒரே ஒரு டம்ளர் டீ போட்டோம், அத மூணு பேரும் பங்கு போட்டுக் குடிச்சோம். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திருகு டப்பா இருந்திருந்தா அந்தக் குளிர்லயும் எரிஞ்சிருக்கும், ஐசோபியூட்டேன் மைனஸ் 11, 12 வரைக்கும் தாங்கும், புரொப்பேன் மைனஸ் 42. ஆனா அந்த டப்பா மலையடிவாரத்துல ஸ்டாக் இருக்கா இல்லையான்னு போய் நின்னாத்தான் தெரியும்.

சரி கேஸே வேணாம், திரவமா ஊத்துற ஸ்டவ் வாங்கலாம்னு எறங்கினேன். அப்ப என் புத்தி போன தெச மலிவு. எம்எஸ்ஆர், பிரைமஸ், ஆப்டிமஸ்னு நல்ல பேர் வாங்கின கம்பெனி ஸ்டவ்வெல்லாம் இங்க வந்து சேர்றதுக்குள்ள என் ஒரு மாச சம்பளத்துல பாதி முழுங்கிரும். சீனாவுல இருந்து நேரா வரவழைக்கலாம்னா 2020 நவம்பர்லயே அலிஎக்ஸ்பிரஸ தடை பண்ணிட்டாங்க. கடைசில ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல ஒரு பெட்ரோல் ஸ்டவ் வாங்கினேன், டேங்கும் பர்னரும் ஒட்டிப் பொறந்த மாதிரி ஒரே உருப்படி, பாக்க பித்தளை குங்குமச்சிமிழ் மாதிரி அவ்ளோ லட்சணம்.

மொட்ட மாடில வெச்சு பத்த வெச்சேன். பங்க்ல பாட்டில்ல தரமாட்டேன்னதால என் பழைய ஸ்ப்ளெண்டர்ல கார்புரேட்டருக்குப் போற டியூப கழட்டி கால் லிட்டர் புடிச்சேன் (இப்ப வர்ற பிஎஸ் 6 வண்டில இந்த வேலைய செய்யாதீங்க, அதுல ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், ப்ரஷர்ல பீச்சியடிக்கும்). பம்ப் அடிச்சேன், குமிழத் திருப்பினேன், தீக்குச்சியக் காட்டினேன். ஆள் ஒசரத்துக்கு மஞ்சளா ஒரு தீ எழும்பிச்சு பாருங்க, கொடியில காஞ்சிட்டு இருந்த அப்பாவோட வேட்டி ஓரம் கருகிருச்சு, என் வலது புருவம் பாதி காணோம். மேல ஓடி வந்த அம்மா ஈர சாக்கப் போட்டு அமுக்கிட்டு, என்னத் திட்டும்னு பாத்தா, சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. "ஸ்பிரிட்டு ஊத்தி தலைய சுட வெக்காம பம்ப் அடிச்சா அப்படித்தான்டா எரியும். இது நம்ம பம்ப் ஸ்டவ்வுதானே, என்னமோ புதுசா கண்டுபுடிச்ச மாதிரி வாங்கியாந்து வெச்சிருக்க."

அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. இன்னிக்கு மல்டி ஃபியூயல்னு விக்கிற ஸ்டவ்வுக்கும் நம்ம வீட்டு பம்ப் ஸ்டவ்வுக்கும் அடிப்படை ஒண்ணுதான். 1892-ல ஸ்வீடன்ல ஃபிரான்ஸ் லிண்ட்குவிஸ்ட்னு ஒருத்தர் செஞ்ச பிரைமஸ் ஸ்டவ்தான் ரெண்டுக்கும் பாட்டன், 1911-ல தென் துருவத்துக்குப் போன அமுன்ட்சன் கூட அததான் தூக்கிட்டுப் போனாரு. சங்கதி இவ்ளோதான்: பம்ப் அடிச்சா உள்ள காத்து சேந்து எண்ணெயத் தள்ளும், எண்ணெய் மேல ஏறி பர்னர் பக்கத்துல சூடா இருக்குற ஒரு குழாய் வழியாப் போகும்போது ஆவியாகும், அந்த ஆவி ஊசித் தொளை அளவுக்கு இருக்குற நிப்பிள் வழியா சீறிட்டு வந்து காத்தோட கலந்து நீலமா எரியும். அந்தக் குழாய் மொதல்ல சூடா இல்லன்னா? எண்ணெய் ஆவியாகாம எண்ணெயாவே பீச்சியடிக்கும். அததான் நான் மாடில பாத்தேன். தப்பு ஸ்டவ்மேல இல்ல, என்மேலதான். ஆனாலும் அத வித்துட்டேன், டேங்க் பர்னருக்கு அடியிலயே உக்காந்திருக்கற டிசைன் எனக்கு அப்புறம் ஒத்துவரல, காத்துக்கு மறைப்பு கட்டினா டேங்க் சூடேறும், கட்டலன்னா தண்ணி கொதிக்காது.

அம்மாவுக்கு பம்ப் ஸ்டவ் மறக்காததுக்குக் காரணம் தானே புயல். 2011 டிசம்பர் 30 காலைல கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையக் கடந்துச்சே, அன்னிக்கு எங்க தெருவுல ஒரு மரம் நிக்கல. கரண்டு வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. சிலிண்டர் தீந்துபோச்சு, லாரி உள்ள வர வழியில்ல. பரண்ல தூங்கிட்டு இருந்த பித்தள பம்ப் ஸ்டவ்வ எறக்கினா பம்ப் சொத்தையா அடிக்குது, காத்தே ஏறல. அம்மா பம்ப் தண்ட உருவி அதோட நுனியில இருந்த தோல் வாசர ஒரு ராத்திரி பூரா தேங்காண்ணெயில ஊற வெச்சு, காலைல விரல வெச்சு ஓரத்த விரிச்சு விட்டு மறுபடி மாட்டுச்சு, நாலே அடியில இறுகிருச்சு. எவ்ளோ வெல போட்டு எந்த அட்வென்சர் கம்பெனி வித்தாலும் பம்ப் ஏறலன்னா இன்னிக்கும் வைத்தியம் இதேதான், வாசருக்கு எண்ணெ. மலைல தேங்காண்ணெ உறைஞ்சு போகும், அதனால சின்ன சொட்டு மருந்து டப்பால தையல் மெஷின் எண்ணெ ஊத்தி எடுத்துட்டுப் போறேன்.

மூணாவது ஸ்டவ் வாங்க இப்ப அவசரப்படல. பாரிஸ்ல இருக்கற சித்தப்பா பையன் (பாண்டிப் பக்கம் பாதி குடும்பத்துக்கு ஒரு சித்தப்பா பையன் பாரிஸ்ல இருப்பான்) வருஷத்துக்கு ஒரு தடவ வருவான், அவன்கிட்ட சொல்லி வெச்சேன். என்ன வேணும்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சேன், அந்த நோட்டுல முக்கியமா நாலு விஷயம் இருந்துச்சு, அதச் சொல்றேன்.

பாட்டில் தனியா, பர்னர் தனியா, நடுவுல ஓஸ் இருக்கணும். இதுல மட்டும் வெட்டுக்குத்து கெடையாது. அப்பதான் பர்னரச் சுத்தி அலுமினியத் தகட்டால கோட்டை கட்டலாம், பாட்டில் சூடாகாது. காத்துல தகடு இல்லாம கொதிக்க வெக்கறதும் ஓட்ட வாளில தண்ணி எறைக்கறதும் ஒண்ணு. டப்பா மேல நேரா திருகுற கேஸ் ஸ்டவ்வுக்கு இப்படி முழுசா மறைப்பு கட்டவே கூடாது, டப்பா சூடேறி வெடிச்சா அப்புறம் சாப்பாடே வேணாம்.

அடுத்தது நிப்பிள். எண்ணெய்க்கு எண்ணெய் நிப்பிள் மாறும். பிரைமஸ் கம்பெனியோட ஆம்னிஃபியூயல்ங்கற ஸ்டவ்ல கேஸுக்கு 0.45, பெட்ரோலுக்கு 0.37, மண்ணெண்ணெய்க்கு 0.28ன்னு மூணு குடுக்கறாங்க, மில்லிமீட்டர் கணக்கு. மண்ணெண்ணெய் ஆவி கனமானது, எரியறதுக்கு காத்து நெறைய கேக்கும், அதனால தொளை சின்னது. பெட்ரோல் நிப்பிள்ல மண்ணெண்ணெய ஊத்தினா மஞ்சளா எரிஞ்சு பாத்திரம் தார் பூசின மாதிரி ஆயிரும். சில மலிவு ஸ்டவ்ல ஒரே நிப்பிளக் குடுத்துட்டு மல்டி ஃபியூயல்னு அட்டையில போட்டுருவான், பொட்டியப் பிரிச்சு மொதல்ல அத எண்ணுங்க. கூடவே அந்தத் தொளைய குத்தற பின் இருக்கா, நிப்பிளக் கழட்டற ஸ்பேனர் இருக்கான்னு பாருங்க. பின்னு தொலஞ்சா கவலையில்ல, திருப்பாப்புலியூர்ல பழைய பாத்திரக் கடையில ஸ்டவ் பின் இன்னும் தொங்குது, தகட்டுல ஒட்டின ஒத்தக் கம்பி, நான் பத்து வாங்கினேன். ஆனா 0.28 தொளைக்கு அந்தக் கம்பி நொழையுதான்னு வீட்லயே பாத்துடுங்க, தடிமனா இருந்து அமுக்கினா தொளை பெருசாயிரும், அதோட நிப்பிள் போச்சு.

அப்புறம் குமிழ். பம்ப்ல மட்டும் ஒரு குமிழ் இருக்கற ஸ்டவ்ல தீயக் கொறைக்கறது பேருக்குத்தான், தண்ணி கொதிக்க வெக்க சூப்பரு, பொங்கல் வெச்சா அடி புடிக்கும். பர்னர் கிட்டயும் இன்னொரு குமிழ் இருந்தா சிம்ல வெக்கலாம். நம்ம சாப்பாட்டுக்கு சிம் வேணும்ங்க, வெள்ளக்காரன் மாதிரி பொட்டலத்துல சுடுதண்ணி ஊத்தி சாப்பிடறதா இருந்தா வேணாம்.

நாலாவது வெயிட். என் லிஸ்ட்ல இது கடைசி, நெறைய பேரோட லிஸ்ட்ல இது மொதல்ல. வந்த ஸ்டவ்வ தெருமுனை அண்ணாச்சி கடைத் தராசுல வெச்சோம், ஸ்டவ், பம்ப், காலி பாட்டில், தகடு எல்லாம் சேத்து எண்ணூறு கிராம் சொச்சம். "இது என்ன தம்பி, சின்ன குண்டு மாதிரி இருக்கு"ன்னாரு அண்ணாச்சி. மூணு நாளுக்குள்ள முடியற ட்ரிப்புக்கு இந்த வெயிட்டத் தூக்கறது முட்டாள்தனம், கேஸ் கெடச்சா கேஸே போதும், நானே அப்படித்தான் போறேன். நாலு நாள் தாண்டினா, குளிர் இருந்தா, ஆள் ரெண்டு மூணு பேர்னா அப்பதான் இது கணக்குக்கு வரும்.

வெல என்னாச்சுன்னு கேப்பீங்க. அவன் எனக்காக அங்க ஒருத்தர்கிட்ட பழசா வாங்கினான், இந்தக் காசுக்கு சுமாரா ஏழாயிரம் சொன்னான், நான் கட்டாயப்படுத்தி குடுத்ததுல பாதியத் திருப்பிட்டு மீதிக்கு முறுக்கும் அதிரசமும் கட்டிட்டுப் போனான். பழசு வாங்கலாமான்னா தாராளமா வாங்கலாம், பர்னரும் குழாயும் இரும்பு பித்தளதான், கெட்டுப்போக ஒண்ணுமில்ல. கெட்டுப்போறது ரப்பர் மட்டும். ஓ-ரிங் எல்லாத்தையும் மாத்திட்டுத்தான் பத்த வெக்கணும், குறிப்பா பெட்ரோல் ஊத்தற எண்ணம் இருந்தா. இப்ப நம்ம பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் அதுல உப்பி நொறுங்கும். ஒரு பெட்ரோல் லீக்கு கையளவு இருந்தாலே போதும், பங்க் பையன் பயந்ததுல நியாயம் இருக்கு.

அதனால நான் மண்ணெண்ணெய்க்கு வந்துட்டேன். வாசன அடிக்கும், பத்த வெக்க நேரமாகும், ஆனா பெட்ரோல் மாதிரி பொசுக்குனு புடிக்காது, சாதாரண சூட்டுல ஒரு தீக்குச்சிய மேல போட்டா கூட அணஞ்சிரும் (சும்மா பேச்சுக்கு சொல்றேன், யாரும் போட்டுப் பாக்காதீங்க). மலையூர்லயும் கெடைக்கும். வேடிக்க என்னன்னா ஹிமாலயத்துல சுலபமா கெடைக்கிற எண்ணெய் நம்ம ஊர்லதான் கெடைக்க மாட்டேங்குது. பாண்டில ரேஷன்ல கிருஷ்ணாயில் குடுக்கறத எப்பவோ நிறுத்திட்டாங்க. இந்தப் பக்கம் எங்களுக்கு கார்டுக்கு வர்ற நீலக் கலர் எண்ணெயும் கொறஞ்சுபோச்சு, அது ஏழை வீட்டு அடுப்புக்கு வர்றது, அத நான் பொழுதுபோக்குக்கு எரிக்கறதுல மனசு ஒப்பல. வெளி மார்க்கெட் வெள்ள மண்ணெண்ணெய் முதுநகர்ல ஹார்பர் பக்கம் விசாரிச்சா கெடச்சுது, வெல ரேஷன் மாதிரி இல்ல, பல மடங்கு. ரெண்டு லிட்டர் வாங்கினா பழகறதுக்கு வருஷம் பூரா வரும். அங்க எண்ணெ ஊத்தின அண்ணன் ஒண்ணு சொன்னாரு, தகர டின்னுல இருக்கற எண்ணெய்ல அடியில தண்ணியும் துருவும் நிக்கும், மேலாக்க எடுத்து துணில வடிகட்டிக்கோன்னாரு. அன்னிலேர்ந்து புனலுக்கு மேல அம்மாவோட பழைய புடவைத் துண்டு இல்லாம ஊத்தினதே இல்ல, நிப்பிள் அடைக்கறது பாதியாக் கொறஞ்சுபோச்சு.

எல்லாத்தையும் விட பாடா இருந்தது ஸ்பிரிட்டு. மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு குழாய நல்லா சூடு பண்ணணும், அதுக்கு ஸ்பிரிட்டுதான் சுத்தம், கரி புடிக்காது. பெயின்ட் கடைல போய் அண்ணே, மெத்திலேட்டட் ஸ்பிரிட் இருக்கான்னு கேட்டேன், மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டு அது. 2023 மே மாசம் மரக்காணம், 2024 ஜூன் கள்ளக்குறிச்சின்னு மெத்தனால் சாராயத்துல எத்தன உயிர் போச்சு, ரெண்டும் எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். அந்தக் கடக்காரரு என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு "எதுக்கு?"ன்னாரு, அடுப்புக்குன்னேன், எந்த அடுப்புக்குன்னாரு, மலைக்குன்னேன். கத முடிஞ்சுது. அவர் பயமும் நியாயம்தான்.

அம்மா கற்பூரம் வெச்சுப் பாருன்னுச்சு. வெச்சேன். பத்திக்குது, சூடும் ஏறுது, ஆனா கரி பாருங்க, பர்னர் கோயில் தூண்டாமணி விளக்கு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் கொரோனா சமயத்துல வாங்கி மூலைல கெடந்த சானிடைசர் ஜெல் ஞாபகம் வந்துச்சு, ஆல்கஹால் 70 சதவீதம்னு போட்டிருந்துச்சு. பர்னருக்கு அடியில இருக்கற கிண்ணத்துல ரெண்டு டீஸ்பூன் அளவு பிதுக்கி பத்த வெச்சா ஓடாம வழியாம நின்னு எரியுது. இன்னிவரைக்கும் எனக்கு இதுதான். பகல்ல அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது, அணஞ்சுபோச்சுன்னு நெனச்சு மேல பிதுக்கினா கையில ஏறிரும், அதனால உள்ளங்கைய ஒரு அடி தள்ளி வெச்சு சூடு இருக்கான்னு பாத்துட்டுத்தான் அடுத்தது. மண்ணெண்ணெய்க்கு ஒரு தடவ எரிஞ்சு முடியற நேரத்துல லேசா குமிழத் திறக்கணும், நீலமா புடிச்சா சரி, மஞ்சளா நாக்கு நீட்டினா உடனே மூடிட்டு இன்னொரு தடவ சுட வெக்கணும். பொறும இல்லாதவங்களுக்கு இந்த ஸ்டவ் ஆகாது.

2023 செப்டம்பர்ல லடாக்ல மார்க்கா பள்ளத்தாக்கு போனோம், நானும் என் கூட்டாளியும் ரெண்டே பேர். கடலூர்ல இருந்து சென்னை, அங்கேர்ந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல டெல்லி, அப்புறம் மணாலி வழியா பஸ்ஸு. ரயில்ல வெறும் ஸ்டவ்வும் காலி பாட்டிலும்தான், எண்ணெ ஒரு சொட்டு இல்ல. எரியற சாமான ரயில்ல கொண்டு போனா ரயில்வே சட்டம் 164-வது பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அதவிட அந்தப் பொட்டில நம்மோட இன்னும் எழுவது பேர் தூங்கறாங்க. ஃபிளைட்டு பத்தி ஒரு வார்த்த: வேற ஒரு ட்ரிப்ல திரும்பும்போது ஃபிளைட்ல வந்தேன், பாட்டில சோப்புப் போட்டு கழுவியிருந்தும் செக்யூரிட்டி அம்மா மூடியத் தெறந்து மோந்து பாத்துட்டு குப்பைல போட்டுட்டாங்க. ஒரு தடவ எண்ணெ ஊத்தின பாட்டில ஏர்லைன் ஒத்துக்கிட்டாத்தான் விடுவாங்க, முன்னாடியே கேட்டிருக்கணும், கேக்கல. பாட்டில் மட்டும் போச்சு, ஸ்டவ் தப்பிச்சுது.

லே ஊர் 3,500 மீட்டர், ரெண்டு நாள் சும்மா படுத்துக் கெடந்து ஒடம்பப் பழக்கிட்டு மார்க்கெட்ல விசாரிச்சு ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் வாங்கினோம். யாரும் எதுக்குன்னு கேக்கல. ஆஹா, இதுவல்லவோ ஊருன்னு கூட்டாளி சொன்னான். சில்லிங்ல இருந்து நடக்க ஆரம்பிச்சோம். வழில வீடுகள்ல தங்க எடமும் சாப்பாடும் கெடைக்கும், சொல்லப்போனா ஸ்டவ்வே இல்லாம முடிச்சிரலாம், நாங்க பிடிவாதத்துக்குத் தூக்கினோம்.

மொத ராத்திரியே ஒரு கூத்து. பாட்டில பேக்குக்குள்ள சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன், மேல ஏற ஏற வெளிக்காத்து ப்ரஷர் கொறையும்ல, பம்ப் மாட்டியிருந்த பாட்டில்ல உள்ள இருந்த காத்து எண்ணெயத் தள்ளி ஓஸ் ஜாயின்ட்ல கசிஞ்சிருக்கு. அம்மா அரச்சுக் குடுத்த பருப்புப் பொடி பூரா கிருஷ்ணாயில் வாசன. பசிக்கு அதையும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்தோம், ரெண்டு நாளைக்கு ஏப்பத்துல வந்துச்சு. நடக்கும்போது பம்பக் கழட்டிட்டு மூடிதான் போடணும், பாட்டில் பேக்குக்கு வெளிப் பக்கப் பையில, ரெண்டு பிளாஸ்டிக் கவர் சுத்தி. பாட்டில்ல கோடு வரைக்கும்தான் எண்ணெ, மேல காத்துக்கு எடம் விடணும், அத ரொப்பி வழிய ஊத்தினா பம்ப் அடிச்சு புண்ணியமில்ல.

வழில வர்ற நிமாலிங் முகாம் 4,800 மீட்டர் கிட்ட வரும். அங்க தண்ணி 84 டிகிரி வாக்குலயே கொதிச்சிரும், மேல சூடு ஏறாது, எவ்ளோ தீ வெச்சாலும். கடலூர்க்காரன் ரெண்டு பேரு, சோறு இல்லாம முடியாதுன்னு அரக் கிலோ பொன்னி எடுத்துட்டுப் போயிருந்தோம். முக்கா மணி நேரம் கொதிச்சும் நடுவுல கல்லு. எண்ணெதான் வீணாச்சு. மறுநாள்லேர்ந்து அவல், சேமியா, வீட்லயே வறுத்து தாளிச்சு எடுத்துட்டுப் போன ரவ, இதுதான். சோறுதான் வேணும்னா குட்டி குக்கர் தூக்கணும், வேற வழியில்ல. காலைல தண்ணி மேல ஐஸ் ஆடை புடிச்சிருந்துச்சு, பக்கத்து டென்ட்ல கேஸ் டப்பாவ சுடுதண்ணில உக்கார வெச்சு கெஞ்சிட்டு இருந்தாங்க, எங்க ஸ்டவ்வு ரெண்டு தடவ சுட வெச்சதும் ஜெட்டு மாதிரி சத்தத்தோட புடிச்சுக்கிச்சு. அவங்களுக்கும் சேத்து டீ போட்டோம். கேதார்காந்தா கடன் அங்க தீந்துச்சு.

எண்ணெ கணக்கு சொல்றேன், இது நெறைய பேர் கேக்கறது. ரெண்டு பேர், நாலு நாள், டீ, காலை சாப்பாடு, ராத்திரி சாப்பாடு, எழுநூறு மில்லி ஆச்சு, அதுல அந்த சோத்து வெட்டி வேலையும் சேத்தி. தகடு கட்டி, மூடி போட்டு கொதிக்க வெச்சா ஒரு லிட்டர் தண்ணிக்கு இருவது மில்லி சொச்சம்தான் ஆகுது. பனிய உருக்கி தண்ணி எடுக்கறதா இருந்தா கணக்கு கிட்டத்தட்ட டபுள், ஏன்னா ஐஸ உருக்கறதுக்கு மட்டுமே தண்ணிய 0-ல இருந்து 80 டிகிரிக்குக் கொண்டு போற அளவு சூடு செலவாகும். டென்ட்டுக்குள்ள மட்டும் பத்த வெச்சுராதீங்க, தீ பயம் ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம், அதுக்கு வாசனயும் கெடையாது.

இத வாசிச்சிட்டு யாராவது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஸ்டவ்வத் தூக்கிட்டுக் கிளம்பினா நான் பொறுப்பில்ல. 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீ நடந்ததுக்கப்புறம் இங்க அனுமதி இல்லாம காட்டுக்குள்ள காலே வெக்கக்கூடாது, காப்புக்காட்டுல நெருப்பு பத்த வெக்கறது எப்பவுமே குத்தம். வனத்துறை ட்ரெக் தமிழ்நாடுன்னு 2024-ல ஆரம்பிச்ச பாதைகள்ல போனாலும் கட்டுச்சோறுதான். சில்வர் பீச்ல ஒரு சாயங்காலம் காத்துல டெஸ்ட் பண்ணலாம்னு பத்த வெச்சதுக்கே போலீஸ்காரர் வந்து "சார், இங்க சமைக்கக் கூடாது"ன்னு மரியாதையா எழுப்பி விட்டாரு. பழகறதுக்கு மொட்ட மாடி போதும், வேட்டி காயாத நேரமாப் பாத்து.

மலைக்கு வாங்கின ஸ்டவ் கடைசில நெறைய எரிஞ்சது எங்க வீட்லதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரைய ஏறிட்டு நகராம நின்னுச்சு, பாண்டில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழ. ரெண்டு நாள் கழிச்சு பெண்ணையாத்துல தண்ணி வந்து கடலூர் பாதி மெதந்துச்சு. எங்க தெருவுல முட்டிக்கால் தண்ணி, கரண்டு இல்ல, கீழ் போர்ஷன் சிலிண்டர எல்லாம் மாடிக்கு ஏத்தவே நேரமில்ல. மாடிப்படி வளைவுல ஸ்டவ்வ வெச்சு சுத்தி தகடு கட்டி அம்மாவே பம்ப் அடிச்சுச்சு, நான் குமிழத் தொட்டா கைய தட்டி விட்டுச்சு. ரெண்டு நாள், மூணு வீட்டுக்கு, ரவக் கஞ்சியும் டீயும், பக்கத்து வீட்டு கைக்குழந்தைக்கு சுடுதண்ணியும். முதுநகர்ல வாங்கின எண்ணெ அதுலயே காலி.

அதுக்கப்புறம் ஸ்டவ் என் பேக்குக்குத் திரும்பவே இல்ல, சமையக்கட்டு அலமாரில மேல் தட்டுல உக்காந்திருக்கு. போன ஆயுத பூஜைக்கு அம்மா அருவாமனை, சைக்கிள் பம்ப் எல்லாத்தோடயும் சேத்து அதையும் கழுவி தொடச்சு சந்தனம் குங்குமம் வெச்சிருக்கு. எங்க வெச்சிருக்குன்னா சரியா நிப்பிள் மேல. அடுத்த வாரம் ஒரு ட்ரிப்புக்காக எடுத்து பம்ப் அடிச்சா சத்தமே வரல, கழட்டிப் பாத்தா 0.28 தொளைக்குள்ள சந்தனம் காஞ்சு கல்லு மாதிரி ஒக்காந்திருக்கு. எச்சித் தண்ணியத் தொட்டு ஊற வெச்சு பின்னப் போட்டு குத்தி எடுக்க அர மணி நேரம் ஆச்சு, அம்மா பக்கத்துல நின்னு "பாத்துக் குத்துடா, தொளை பெருசாயிடப் போவுது"ன்னு சொல்லிட்டே இருந்துச்சு.